வைஃபை ஐகானே காணோம்: சிங்கப்பூர் அடுக்குமாடி புளோக் ஒண்ணோட தமிழ் அரட்டைக் குழு, சனிக்கிழமை ராத்திரி

[8:12] மீனா 9வது மாடி: கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா? டெஸ்க்டாப்ல நேத்து விண்டோஸ் அப்டேட் ஆச்சு. இப்ப கீழ் மூலைல வைஃபை ஐகானே இல்ல, உலக உருண்டை மட்டும் நிக்குது. போன், டிவி எல்லாத்துலயும் நெட் நல்லா ஓடுது.

[8:13] சேகர் அங்கிள்: ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுமா.

[8:15] கதிர்: அங்கிள், போன்ல ஓடுதுன்னா ரூட்டர் மேல குத்தமில்ல. பாவம் அதை விட்டுடுங்க 😄
மீனா அக்கா, செட்டிங்ஸ்ல நெட்வொர்க் பக்கம் திறங்க. 'வைஃபை'ன்னு ஒரு வரி இருக்கா? வரி இருந்து ஆஃப்ல கிடந்தா வேலை சுலபம். வரியே இல்லன்னா அடாப்டர், அதாவது வைஃபை பிடிக்கிற கருவி, விண்டோஸ் கண்ணுல படலன்னு அர்த்தம்.

[8:17] மீனா: வரியே இல்ல தம்பி.

[8:19] கதிர்: சரி. விண்டோஸ் கீயோட எக்ஸ் அழுத்துங்க, வர்ற பட்டியல்ல டிவைஸ் மேனேஜர். 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' விரிங்க. வான் மினிபோர்ட்னு ஆறேழு வரி வரும், அது விண்டோஸோட சொந்தச் சரக்கு, தொடாதீங்க. வைஃபை பேர் மேல மஞ்சள் முக்கோணம் இருக்கா, இல்ல கீழ்நோக்கி அம்பு இருக்கா? அம்புன்னா யாரோ டிசேபிள் பண்ணிட்டாங்க, ரைட் கிளிக் பண்ணி எனேபிள் கொடுத்தாப் போதும். பேரே இல்லன்னா 'அதர் டிவைசஸ்' கீழ தேடுங்க.

[8:22] மீனா: 📷 ரியல்டெக்னு ஒண்ணு இருக்கு, மஞ்சள் முக்கோணம். டபுள் கிளிக் பண்ணா 'ஸ்டார்ட் ஆக முடியல, கோட் 10'னு வருது.

[8:24] பாத்திமா அக்கா 12: அந்த நம்பர்தான் முக்கியம் மீனா. 10னா டிரைவர், அதாவது அடாப்டரை இயக்குற மென்பொருள், அதைக் கிளப்பப் பார்த்து முடியாம நிக்குது. 28னா டிரைவரே ஏறல. 22னா டிசேபிள் ஆயிருக்கு. 43 வந்தா அடாப்டரே கோளாறுன்னு சொல்லிருக்குன்னு அர்த்தம், அப்பத்தான் பொருள் மேல சந்தேகப்படணும். உன்னுது உள்ள பூட்டின கார்டா, யூஎஸ்பி குச்சியா?

[8:25] மீனா: குட்டி யூஎஸ்பி க்கா. சிபியூவுக்குப் பின்னாடி, நீலப் போர்ட்ல, ஹார்ட் டிஸ்க் வயருக்குப் பக்கத்துல.

[8:26] சேகர் அங்கிள்: சிம் லிம் ஸ்குவேர் எலெக்ட்ரானிக்ஸ் கடைங்களுக்குப் போய்ப் புதுசு வாங்கிடலாமே.

[8:27] பாத்திமா அக்கா: கோட் 10க்கு இப்பவே காசு செலவு பண்ண வேணாம் அங்கிள். அதே சிப் போட்ட இன்னொண்ணு வாங்கினா அதே டிரைவர்தான் ஏறும், அதே முக்கோணம்தான் வரும்.

[8:29] கதிர்: அக்கா, முதல்ல முழுசா அணைங்க. சும்மா ஷட் டவுன் கொடுத்தா முழுசா அணையாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தா விண்டோஸ் தன் நிலையை டிஸ்க்ல எழுதி வச்சுட்டு அடுத்த தடவை அதையே எடுத்துக்கும், தொங்கின டிரைவரும் தொங்கினபடியே திரும்பி வரும். அதனால ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே ஷட் டவுன் சொடுக்குங்க. அப்புறம் குச்சியை உருவுங்க, சுவர் சுவிட்சை அணைங்க, பவர் பட்டனை 30 வினாடி அழுத்துங்க. திரும்ப ஆன் பண்ணி விண்டோஸ் முழுசா வந்தப்புறம், குச்சியைக் கறுப்புப் போர்ட்ல சொருகுங்க. கறுப்பு யூஎஸ்பி 2, நீலம் யூஎஸ்பி 3.

[8:41] மீனா: செஞ்சாச்சு. அதே கோட் 10.

[8:43] கதிர்: அப்ப புது டிரைவர்தான் வில்லன். அதே விண்டோல 'டிரைவர்' டேப், 'ரோல் பேக் டிரைவர்' அழுத்த முடியுதா?

[8:44] மீனா: மங்கலா இருக்கு.

[8:47] கதிர்: திரும்பிப் போக விண்டோஸ் பழையதைக் குறிச்சு வைக்கல, பரவால்ல. 'அப்டேட் டிரைவர்' போங்க. இணையத்துல தேடவான்னு கேக்கும், வேணாம். இரண்டாவதா இருக்குற 'பிரௌஸ் மை கம்ப்யூட்டர்', அதுக்குள்ள கீழ 'லெட் மீ பிக் ஃப்ரம் எ லிஸ்ட்'. அதே பேர்ல இரண்டு மூணு வரி, பக்கத்துல பதிப்பு எண். தேதி பழசா இருக்குறதை எடுங்க.

[8:48] பாத்திமா அக்கா: மீனா, 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' பக்கம் மட்டும் போயிடாத. அங்க 'டிரைவரையும் அழி'ன்னு ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் பண்ணா இப்ப ஏறியிருக்குற டிரைவர் அழிஞ்சிடும், வேற டிரைவர் கையில இல்லன்னா நெட்டும் இல்லாம முழிக்கணும். பட்டியல்ல பழசு இல்லன்னா ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி வயர்ல கம்ப்யூட்டர்ல சொருகி, போன் செட்டிங்ஸ்ல 'யூஎஸ்பி டெதரிங்' ஆன் பண்ணு. போன் வைஃபைல இருந்தா அந்த வைஃபையே வயர் வழியா வரும், டேட்டா செலவாகாது. அதுல அடாப்டர் கம்பெனி தளத்துக்குப் போய் டிரைவரை இறக்கிக்கலாம். மாடல் நம்பரோட குச்சி மேல போட்டிருக்குற வெர்ஷனும் ஒத்துப்போகணும். ஒரே பேர்ல வி1, வி2ன்னு வேற வேற சிப் போட்டு விக்கிறாங்க.

[8:55] மீனா: இரண்டு வரி இருந்துச்சு, பழசை எடுத்தேன். ஐகான் வந்துருச்சு!! ஆனா வேகம் ரொம்ப மோசம். போன்ல 300 மெகாபிட்டுக்கு மேல காட்டுது, இங்க 18. வேற டிரைவர் போடணுமா?

[8:57] கதிர்: டிரைவரை விடுங்க. செட்டிங்ஸ்ல உங்க வைஃபை பேரைத் தொட்டு 'ப்ராப்பர்ட்டீஸ்' பாருங்க. 'நெட்வொர்க் பேண்ட்', அதாவது அலைவரிசை, 2.4 கிகாஹெர்ட்ஸா 5ஆ?

[8:58] மீனா: 2.4. கம்ப்யூட்டர் பெட்ரூம்ல, ரூட்டர் பாம் ஷெல்டர் உள்ள இருக்கு.

[9:02] பாத்திமா அக்கா: அதான். குண்டு விழுந்தா ஒளியறதுக்கு வீட்டுக்குள்ள கட்டின அறையாச்சே அது, சுவர் கம்பி கட்டின கான்கிரீட், கதவு இரும்பு. 5 அந்தச் சுவரைத் தாண்டுறதுக்குள்ள சோர்ந்துபோயிடும், 2.4 தாண்டும். ஆனா 2.4ல புளோக் முழுக்க நெரிசல்: ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் 1, 6, 11 மூணுதான், மேல் வீடு கீழ் வீடு எதிர் வீடு எல்லாரும் அதுலயே உட்கார்ந்திருக்கோம். ரூட்டரை ஷெல்டருக்கு வெளிய, ஹால் பக்கம் இழுத்து வை. ஷெல்டர் சுவரைத் துளைக்காதே, விதி இருக்கு. வயரைக் கதவு வழியாக் கொண்டு வா. ஆனா இரும்புக் கதவு நசுக்கினா ஃபைபர் வயர் உள்ளுக்குள்ளயே உடையும், பாத்து.

[9:04] கதிர்: முன்னாடி அந்த நீலப் போர்ட்ல, ஹார்ட் டிஸ்க் பக்கத்துல சொருகியிருந்தது இன்னும் மோசம் அக்கா. யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4 அலைவரிசைலயே இரைச்சல் கிளம்பும். 2012லயே இன்டெல் இதை அளந்து அறிக்கை போட்டிருக்கு. ஹார்ட் டிஸ்க்ல படம் காப்பி பண்ணும்போது மட்டும் நெட் அறுந்தா காரணம் இதுதான். இப்ப கறுப்புப் போர்ட்ல இருக்கு, சரி, ஆனா இன்னும் சிபியூவோட தகரத்துக்குப் பின்னாடிதான். ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் போட்டுக் குச்சியை மேசை மேல, கதவு தெரியிற மாதிரி வையுங்க. இரண்டு மூணு டாலர் சாமான்.

[9:06] சேகர் அங்கிள்: கறுப்புப் போர்ட்னா வேகம் குறையாதா?

[9:08] கதிர்: குறையும் அங்கிள். யூஎஸ்பி 2ன் எழுத்துக் கணக்கே 480 மெகாபிட், கையில கிடைக்கிறது அதைவிடக் குறைவு. ஆனா இரைச்சல்ல தடுமாறுற நீலத்தைவிட நிதானமான கறுப்பு மேல். எக்ஸ்டென்ஷன் வந்து, ஹார்ட் டிஸ்க்ல இருந்து தள்ளி வச்சப்புறம் நீலத்துக்கு மாத்திப் பாக்கலாம்.

[9:10] கதிர்: அக்கா, குச்சி 5 பிடிக்கும்ல? பெட்டில 'ஏசி'ன்னு இருந்தா பிடிக்கும், வெறும் 'என் 150'னு இருந்தா 2.4 மட்டும்தான்.

[9:13] மீனா: ஏசி 600னு போட்டிருக்கு.

[9:16] கதிர்: அப்ப பிடிக்கும். டிவைஸ் மேனேஜர்ல மறுபடி டபுள் கிளிக், 'அட்வான்ஸ்ட்' டேப், 'ப்ரிஃபர்ட் பேண்ட்' இருந்தா 5ஐ முதல்ல வைங்க. அந்த வரி எல்லா டிரைவர்லயும் இருக்காது. கூடவே 'பவர் மேனேஜ்மென்ட்' டேப்ல, மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்த டிவைஸை அணைக்கலாம்னு ஒரு டிக் இருக்கும், எடுத்துடுங்க. கொஞ்ச நேரம் சும்மா விட்டா நெட் அறுந்து, மவுஸ் ஆட்டினா வர்ற வியாதி அதுலதான் ஆரம்பிக்கும்.

[9:18] பாத்திமா அக்கா: அரசு கட்டிக் கொடுத்த புது பிடிஓ வீடுதானே மீனா? பெட்ரூம் சுவர்ல லேன் பாயிண்ட், அதாவது நெட் வயர் சொருகுற இடம், இருக்கும். அதோட மறுமுனை எங்க வருதோ அங்க ரூட்டர்ல ஒரு வயர், இங்க கம்ப்யூட்டர்ல ஒரு வயர், குச்சியே வேணாம். என்னைக் கேட்டா அதுதான் சரி.

[9:21] மீனா: இருக்கு க்கா, கட்டிலுக்குப் பின்னாடி. நாளைக்குக் கட்டிலை நகத்திப் பாக்கறேன். ரூட்டரை இப்பவே ஷெல்டர் வாசல் வரைக்கும் வச்சுட்டேன், 5ல பிடிச்சு 140 வருது.

[9:22] கதிர்: நல்லது. விண்டோஸ் அப்டேட் பக்கத்துல 'பாஸ் அப்டேட்ஸ்' ஒரு வாரத்துக்குப் போட்டு வைங்க, இல்லன்னா அதே டிரைவரை மறுபடி கொண்டாந்து ஏத்திடும். எக்ஸ்டென்ஷன் வயர் என்கிட்ட ஒண்ணு சும்மா கிடக்கு, 7வது மாடி.

[9:23] மீனா: பெரியவனை அனுப்பறேன் தம்பி.

[9:24] சேகர் அங்கிள்: என் வீட்டு ரூட்டரும் ஷெல்டர் உள்ளதான் இருக்கு 🤔