வசூல் திரும்பிவிட்டது சரி, ஆட்கள் எங்கே?

ரீல்பெட்டி (மாட்டுங்கா):
போன வாரம் இங்கே ஒருவர், கொரோனாவில் தியேட்டர் செத்துவிடும் என்றார்கள், 2022-லேயே எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டது, ஓடிடியால் ஒரு மயிரிழை நஷ்டமும் இல்லை என்று எழுதியிருந்தார். ஆதாரத்துக்கு ஓர்மேக்ஸ் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்கையும் போட்டிருந்தார். 2019-ல் இந்திய பாக்ஸ் ஆபீஸ் 10,948 கோடி ரூபாய், 2022-ல் 10,637 கோடி. ஏறக்குறைய சமம்தான், மறுக்கவில்லை.

அதே ஓர்மேக்ஸ் தலைக்கணக்கும் கொடுக்கிறது, அதை ஏன் விட்டுவிட்டார்? 2019-ல் விற்றது சுமார் 103 கோடி டிக்கெட். 2022-ல் 89 கோடி. 14 கோடி டிக்கெட் எங்கே போனது? மிச்சம் வந்தவர்களிடம் கூடுதலாக வாங்கி அந்தப் பள்ளத்தை மூடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வராமல் போனவர்களை வீட்டில் உட்கார வைத்தது ஓடிடி. 2020 மே 29 அன்று பொன்மகள் வந்தாள் படம் நேரடியாக அமேசான் பிரைமுக்குப் போனது. அந்தச் செய்தி ஏப்ரலில் வந்தபோதே, தமிழ்நாட்டுத் தியேட்டர்காரர்கள் அதைத் தயாரித்த சூர்யாவின் 2டி நிறுவனத்தின் படங்களை இனிப் போட மாட்டோம் என்று கொதித்தார்கள். அன்றைக்கு எல்லோரும் கேலி பேசினார்கள். அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது.

செம்பூர் அக்கா:
தம்பி, மும்பையில் உட்கார்ந்துகொண்டு சென்னை நியாயம் பேசாதீர்கள். இங்கே 2020 மார்ச்சில் மூடிய தியேட்டரை நவம்பர் 5-ல் பாதி இருக்கையோடு திறந்தார்கள். 2021 ஏப்ரலில் மறுபடி பூட்டு. அப்புறம் அக்டோபர் 22-ல்தான் கதவு திறந்தது. கர்ணன் 2021 ஏப்ரல் 9-ல் வந்தது, மும்பையில் எந்தத் தியேட்டரில் பார்த்திருப்பீர்கள்? தமிழ்நாட்டில் கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்த படம் என்று எல்லோரும் கொண்டாடும் சிவகார்த்திகேயனின் டாக்டர் அக்டோபர் 9-ல் ரிலீஸ். அன்றும் இங்கே பூட்டுதான்.

விஜய் நடித்த மாஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரி 13-ல் ரிலீஸ், மும்பையில் தியேட்டர் திறந்திருந்தது. ஆனால் பொதுமக்கள் எல்லோரும் லோக்கல் ரயிலில் ஏறலாம் என்று அனுமதித்தது பிப்ரவரி 1-ல், அதுவும் நேரக் கட்டுப்பாட்டோடு. படமோ ஜனவரி 29-லேயே பிரைமுக்கு வந்துவிட்டது. டோம்பிவிலியில் இருக்கும் என் தம்பிக்கு லோக்கலுக்கு முன்னால் விஜய் வந்து சேர்ந்தார். இதில் ஓடிடி யாருடைய ஆளை இழுத்துக்கொண்டு போனது?

ரீல்பெட்டி (மாட்டுங்கா):
அக்கா, பூட்டியிருந்த காலத்தைப் பற்றி எனக்குச் சண்டையே இல்லை. நீங்களே சொன்ன மாஸ்டர் 16 நாளில் பிரைமுக்கு வந்ததே, அந்த 16 நாள்தான் என் வழக்கு. படம் போடும் தியேட்டருக்கு எப்போது காசு வருகிறது என்று பாருங்கள். இந்திப் படத் தயாரிப்பாளர்களும் மல்டிபிளெக்ஸ்களும் 2009-ல் இரண்டு மாதம் சண்டை போட்டு ஒரு கணக்குக்கு வந்தார்கள். வரி போக மிஞ்சும் வசூலில் தயாரிப்பாளர் பக்கத்துக்கு முதல் வாரம் 50 சதவீதம், இரண்டாம் வாரம் 42.5, மூன்றாம் வாரம் 37.5, நான்காம் வாரத்திலிருந்து 30. தமிழ்ப் படத்துக்குச் சதவீதம் முன்பின் இருக்கலாம், போக்கு இதுதான். வாரம் ஏற ஏற தியேட்டர்காரன் பங்கு கூடும். அவனுக்கு நல்ல பங்கு வருகிற மூன்றாம் வாரத்தில் படம் உங்கள் வீட்டு டிவியில் ஓடினால் அவன் என்ன செய்வான்? பாப்கார்ன் விலையைத்தான் ஏற்றுவான். அதைப் பார்த்து நீங்கள் இன்னும் வரமாட்டீர்கள்.

90 அடி ரோடு (தாராவி):
பாப்கார்ன் என்றதும் உள்ளே வந்துவிட்டேன் அண்ணா. ஆட்கள் எங்கே என்று தேடுகிறீர்களே, 2022 செப்டம்பர் 23 ஞாபகம் இருக்கிறதா? தேசிய சினிமா தினம் என்று சொல்லி நாடு முழுக்க 75 ரூபாய்க்கு டிக்கெட் கொடுத்தார்கள். ஒரே நாளில் 65 லட்சம் பேர் போனதாக மல்டிபிளெக்ஸ் சங்கமே சொன்னது. அன்றைக்கும் நெட்பிளிக்ஸ் இருந்தது, பிரைம் இருந்தது, ஹாட்ஸ்டார் இருந்தது. அந்த 65 லட்சம் பேரும் அன்று மட்டும் போனை ஆஃப் செய்துவிட்டா வந்தார்கள்?

எங்கள் வீட்டில் நாலு பேர். சயானில் இருக்கிற மல்டிபிளெக்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் டிக்கெட், முன்பதிவுக் கட்டணம், இடைவேளையில் தம்பி கேட்கும் ஒரு டப்பா பாப்கார்ன், ஆட்டோ எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குப் பக்கம் வருகிறது. நெட்பிளிக்ஸ் 2021 டிசம்பரில் மொபைல் திட்டத்தை 199-லிருந்து 149 ஆக்கியது. பழி அந்த 149 மேலா, இந்த இரண்டாயிரம் மேலா?

இன்னொன்று. இங்கே தமிழ்ப் படத்துக்குக் கொடுக்கும் காட்சியைப் பாருங்கள். பெரிய ஹீரோ இல்லையென்றால் ராத்திரி பத்தே முக்காலுக்கு ஒன்று, அதுவும் வியாழக்கிழமை வரைதான். மாட்டுங்கா அரோரா தியேட்டரில் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றிய கூட்டத்தில் நானும் நின்றவன்தான். அந்தக் கூட்டத்தைப் பத்தே முக்கால் காட்சிக்கு விரட்டியது ஓடிடியா?

பாக்கிக்கணக்கு (முலுண்ட்):
இரண்டு பேரும் பாதிப் பாதி சொல்கிறீர்கள். 2022-ல் எது ஓடியது என்று பாருங்கள். ஆர்ஆர்ஆர், கேஜிஎஃப் 2, விக்ரம், பொன்னியின் செல்வன். எல்லாம் மலை மாதிரிப் படங்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஆமிர்கானின் லால் சிங் சத்தா எப்படி மண்ணைக் கவ்வியது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வசூல் பட்டியலின் உச்சி திரும்பிவிட்டது. நடுவில் இருந்த பத்து, பதினைந்து கோடி பட்ஜெட் படங்கள்தான் திரும்பவில்லை. விலையும் ஓடிடியும் கூட்டாகச் செய்த வேலை அது. "இது வீட்டில் பார்க்கிற படம்" என்று ஒரு தனி வகையை ஜனங்கள் மனதில் உண்டாக்கிவிட்டார்கள்.

தயாரிப்பாளருக்கும் வேறு வழி இருந்ததா என்றால் அதுவும் இல்லை. 2020 நவம்பரில் தமிழ்நாட்டில் தியேட்டர் திறக்கும் நேரத்தில் விபிஎஃப் தகராறு வந்ததே. டிஜிட்டல் புரொஜெக்டர் போட்டுக்கொடுத்த கியூப், யூஎஃப்ஓ கம்பெனிகளுக்கு வாரா வாரம் தயாரிப்பாளர் கட்டும் பணம் அது. பாரதிராஜா தலைமையிலான சங்கம் இதைக் கட்ட முடியாது, புதுப் படம் தரமாட்டோம் என்றது. கடைசியில் நவம்பர் மாதத்துக்கு மட்டும் தள்ளுபடி கிடைத்தது. தீபாவளிக்கு வந்த படங்கள் எவை? பிஸ்கோத்தும் இரண்டாம் குத்தும். அதே வாரம் சூரரைப் போற்று பிரைமில் வந்தது. ஜனங்கள் எதைப் பார்ப்பார்கள்?

செம்பூர் அக்கா:
அந்தச் சூரரைப் போற்று பற்றித்தான் சொல்ல வந்தேன். எங்கள் மாடியில் இருக்கும் மராத்திக் குடும்பம் சப்டைட்டிலோடு பார்த்துவிட்டு, ஏர் டெக்கான் விமான நிறுவனம் தொடங்கிய கேப்டன் கோபிநாத் கதைதானே இது என்று என்னிடம் கேட்டார்கள். அவர்கள் பார்த்த முதல் தமிழ்ப் படம் அதுதான். தியேட்டரில் வழக்கமாக ரிலீஸ் ஆகாத படத்துக்கு 2022-ல் சிறந்த படம், நடிகர், நடிகை உட்பட ஐந்து தேசிய விருது. என் பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள், வேகமான மதுரைப் பேச்சு வந்தால் முழிப்பார்கள். தியேட்டரில் முழித்தால் முழித்ததுதான், வீட்டில் பத்து நொடி பின்னால் தள்ளி "இப்ப என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்கிறார்கள். தமிழ்ப் படத்தை எங்கள் வீட்டில் உயிரோடு வைத்திருப்பது அந்தப் பத்து நொடிதான்.

ரீல்பெட்டி (மாட்டுங்கா):
பிள்ளைகள் தமிழ் கேட்பது நல்லதுதான் அக்கா, அதில் ஏன் குறை சொல்லப்போகிறேன்? ஆனால் அந்த மாடி வீட்டுக்காரர்களையே எடுத்துக்கொள்வோம். 2023 அக்டோபரில் லியோ வந்தது. இந்திப் பதிப்பை வடக்கில் பெரிய மல்டிபிளெக்ஸ்கள் போடவில்லை. அவர்கள் ஓடிடிக்கு எட்டு வார இடைவெளி கேட்டார்கள், படத்துக்குப் பேசியிருந்தது நான்கு வாரம். ஓடிடி மூலம் தமிழ்ப் படத்துக்குப் பழகிய மராத்திக்காரருக்கு, பக்கத்து மல்டிபிளெக்ஸில் அந்தப் படத்தை இந்தியில் பார்க்க முடியாமல் செய்ததும் அதே ஓடிடி ஒப்பந்தம்தான்.

சின்னப் படத்தை ஓடிடி காப்பாற்றியது என்ற பேச்சும் இரண்டு வருஷக் கதை. சரக்கு வேண்டும் என்ற அவசரத்தில் 2020, 21-ல் வாங்கினார்கள். இப்போது சின்னப் படத்தோடு போனால், முதலில் தியேட்டரில் ஓட்டிக் காட்டு, அதற்கப்புறம் விலை பேசலாம் என்கிறார்கள்.

90 அடி ரோடு (தாராவி):
அப்படியென்றால் தியேட்டரில் ஓட்டிக் காட்டத்தானே வேண்டும்? சாயங்காலக் காட்சி, நூற்றைம்பது ரூபாய் டிக்கெட், இரண்டு வாரம். இதைச் சயானில் ஒரு சின்னப் படத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள் அண்ணா, விநியோக ஆட்களை உங்களுக்குத்தான் தெரியும். எங்கள் சால் குடியிருப்பிலிருந்து முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு வருவது என் பொறுப்பு.

ரீல்பெட்டி (மாட்டுங்கா):
முப்பது பேர் போதாது தம்பி. ஆனால் வெள்ளிக்கிழமைக் காட்சியைத் திங்கட்கிழமையே முடிவு செய்வார்கள், அதற்குள் எண்ணிக்கை சொல். பேசிப் பார்க்கிறேன்.

செம்பூர் அக்கா:
சப்டைட்டில் போடுவார்களா என்றும் கேளுங்கள். போட்டால் மாடி வீட்டு நான்கு பேர், எங்கள் வீட்டில் ஐந்து.