கிணத்துத் தண்ணி உவர்க்குது, பிரதேச சபைக்குச் சொல்லலாமா?

வாவிக்கரை: மட்டக்களப்பு களுவாஞ்சிக்குடிப் பக்கம் எங்கட வளவுக் கிணறு ஆவணியிலயே உவர்க்கத் தொடங்கிட்டு, பக்கத்துக் காணியில குழாய் கிணறு அடிச்சு மிளகாய்க்கு விடிய விடிய மோட்டரால இறைக்கிறாங்க, சபை இத நிப்பாட்டலாமா, ஆருட்டப் போறது?

எழுவான்: நிலத்தடி நீர் நீர்வள சபையின்ட பொறுப்பு அண்ணன், 1964ம் ஆண்டு 29ம் இலக்கச் சட்டம். அதுக்காகப் பிரதேச சபைக்கு வேலையில்ல எண்டில்ல, 1987ம் ஆண்டு 15ம் இலக்கச் சட்டப்படி பொதுச் சுகாதாரம் அவங்கட கையில, வீட்டுப் பிளான் பாஸ் பண்றதும் அவங்கதான். பாஸ் பண்ணக்குள்ள மலசலகூடக் குழி பக்கத்து வளவுக் கிணத்துக்கு எவ்வளவு தூரம் எண்டு டேப் பிடிச்சுப் பாக்கணும், கடதாசியில மட்டும் பாத்தாப் போதாது.

மணல்காடு: நம்மட கரையோர மணலுக்குக் கீழ நல்ல தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மெல்லிசா மிதக்குது, கனக்க இறைச்சா கீழ உள்ள உப்பு ஏறும். 2004 சுனாமிக்குப் பிறகு துப்புரவாக்க எண்டு ஓயாம இறைச்ச கிணறுகளுக்கு நடந்ததும் அதுதான், மறுகா மாரி மழைதான் கழுவினது. இன்னொண்டு, யூரியா போடுற இடமெண்டா நைட்ரேட்டும் டெஸ்ட் பண்ணுங்க, உலக சுகாதார நிறுவனம் சொல்ற உச்ச அளவு லீட்டருக்கு 50 மில்லிகிராம், கொதிக்க வெச்சாலும் அது போகாது, கைப்புள்ளைக்கு அந்தத் தண்ணியில பால்மா கரைக்க வேணாம்.

வாவிக்கரை: நன்றி தம்பிமார். அயலாக்கள்ட கையெழுத்தும் வாங்கி சபைக்கும் நீர்வள சபைக்கும் ஒண்டாக் குடுக்கிறன், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் (பி.எச்.ஐ) ஒரு கொப்பி.