டிராகுலா லினோகட்: பெரிய கறுப்புப் பரப்பு திட்டுத்திட்டாக விழுகிறது

இரவுவெட்டு:
டிராகுலா நாவலின் 3ஆம் அத்தியாயத்தில் பிரபு கோட்டைச் சுவரில் தலைகீழாக ஊர்ந்து இறங்கும் காட்சியை ஏ4 அளவு லினோவில் (உளியால் செதுக்கி, மை பூசி அச்சடிக்கும் மென்தகடு) வெட்டியிருக்கிறேன். அச்சு பிரஸ் இல்லை, மை பூசிய லினோமேல் தாளை வைத்து, அதன் முதுகில் ஸ்பூனால் தேய்க்கிறேன். நீர் மை, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) வாட்டர்கலர் தாள். படத்தில் முக்கால்வாசி கறுப்பு. அதெல்லாம் வெள்ளைப் புள்ளியாக விழுகிறது. மையைக் கூட்டினால் கல் இடுக்குக் கோடுகள் அடைத்துக்கொள்கின்றன. எதை மாற்ற வேண்டும்?

உளிமுனை:
முதலில் தாள். அத்தனை கனமும் சொரசொரப்பும் உள்ள தாளில், கை அழுத்தம் பள்ளங்களை மைவரை இறக்காது. 40 முதல் 70 ஜிஎஸ்எம் வரையிலான வழவழப்பான தாள் எடுங்கள். கோஸோ என்ற ஜப்பானிய மரநார்த் தாள் வகை நன்றாகத் தாங்கும்.

அடுத்து மை. ஏ4 முழுக்கத் தேய்த்து முடிப்பதற்குள் நீர் மை ஓரங்களில் உலர்ந்துவிடும். சோப்புத் தண்ணீரில் கழுவக்கூடிய எண்ணெய் மை கிடைக்கிறது, அதற்கு மாறுங்கள். கண்ணாடியில் மெல்லிசாகப் பரப்பி, திசை மாற்றி மாற்றி ஐந்தாறு பூச்சு கொடுங்கள். ரோலர் 'ஸ்ஸ்' என்று மெல்லச் சத்தமிட்டால் அளவு சரி. சளசளவென்று ஒட்டி, மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி தெரிந்தால் மை அதிகம். கோடு அடைவது அதனால்தான். மெத்தென்ற ரோலரும் பள்ளத்துக்குள் மையைத் தள்ளும், கொஞ்சம் கெட்டியானது நல்லது.

லினோவின் மேற்பரப்பு பளபளத்தால் 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடையுங்கள். அதன் பிறகும் முதல் இரண்டு மூன்று அச்சுப் படிகள் வெளிறித்தான் வரும். தேய்க்கும்போது ஒரு மூலையை அழுத்திப் பிடித்து எதிர்மூலையைத் தூக்கிப் பாருங்கள். வெளிறிய இடத்தில் மட்டும் மறுபடி தேய்க்கலாம்.

நிழற்கட்டை:
இதோடு வெட்டையும் கவனியுங்கள். 1934இல் அமெரிக்க ஓவியர் லிண்ட் வார்ட் ஃபிராங்கென்ஸ்டைன் நாவலுக்குச் செய்த மரச் செதுக்கல்களில் இருட்டுக்குள்ளிருந்து வெள்ளைக் கோடுகள்தான் உருவத்தை எழுப்புகின்றன. உங்கள் காட்சியும் நிலவொளியில் நடப்பது. கதைசொல்லி மேல் ஜன்னலிலிருந்து குனிந்து பார்க்கிறான். காரை உதிர்ந்த கல் விளிம்புகளை விரல்கள் பற்றியிருப்பதாக நாவலே சொல்கிறது. அந்த விளிம்புகளை மட்டும் நுண் 'வி' வடிவ உளியால் கீறி, அங்கியைச் சிறகுபோல் விரித்து முழுக் கறுப்பாக விடுங்கள். சுவருக்குச் சன்னக் கோடுகள் கொடுத்தால் பரந்த கறுப்பு உடையும், புள்ளிகளும் அவ்வளவாகக் கண்ணில் படாது. முகம் வேண்டாம். அச்சில் இடவலம் மாறும் என்பதால், வெட்டுமுன் வரைபடத்தைக் கண்ணாடியில் பார்த்துவிடுங்கள்.

இரவுவெட்டு:
நிலவுக்கு வெளிர்நீலம் சேர்க்கலாமா?

உளிமுனை:
தாராளமாக. தனி லினோத் துண்டில் நீலத்தை முதலில் அடியுங்கள், கறுப்பு கடைசி. லினோ கனத்திலேயே எல் வடிவ அட்டையைப் பலகையில் ஒட்டி, இரண்டு துண்டையும் அதே மூலையில் முட்டவைத்தால் இரண்டு நிறமும் ஒன்றுக்கொன்று விலகாமல் பொருந்தும். நீலம் ஈரமாக இருந்தால் கறுப்பு சரியாக ஒட்டாது. தொட்டுப் பார்த்து, மை விரலில் வராத நிலையில் அடியுங்கள். எண்ணெய் மை காயச் சில நாள் ஆகும், மழைக்காலத்தில் இன்னும் கூடும். அதுவரை ஒன்றின்மேல் ஒன்று அடுக்காதீர்கள், கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள்.