புதுப்பிப்பு: இரட்டைப் பிள்ளைகளுக்குச் சுகப்பிரசவம், 35ஆவது வாரம்

இரட்டைக் கருவோடு சுகப்பிரசவத்துக்கு முயலலாமா என்று 29ஆவது வாரத்தில் இங்கே கேட்டிருந்தேன். ஆறுதல் சொன்ன அனைவருக்கும் நன்றி. நேற்று மட்டக்களப்பில் ஸ்கான் செய்தபோது முதற் பிள்ளையின் தலை கீழ்நோக்கி இருப்பதும், இரண்டாவது குறுக்காகக் கிடப்பதும் தெரிந்தது. முதற் பிள்ளையின் கிடையே முக்கியம் என்றும், அது பிறந்த பின் மற்றதை வயிற்றின் மேலாகத் திருப்பியோ, உள்ளே கைவிட்டுக் கால்களைப் பிடித்தோ எடுக்கலாம் என்றும், அதற்கு முதுகில் போடும் விறைப்பூசி உதவும் என்றும் மகப்பேற்று நிபுணர் தாளில் படம் வரைந்து விளக்கினார்.

2013இல் வெளியான, 25 நாடுகளில் ஏறத்தாழ 2,800 தாய்மாரிடம் நடந்த ஆய்வும், முதற் பிள்ளையின் தலை கீழே இருந்தால், முன்கூட்டித் திட்டமிட்ட சிசேரியனால் பிள்ளைகளுக்கு மேலதிக நன்மை இல்லை என்றே கண்டது. தனித்தனி நஞ்சுக்கொடி என்பதால் 37ஆவது வாரத்தில் வலி வரச்செய்வார்கள். ஒன்றைப் பெற்ற பின் மற்றதற்குச் சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்பதே என் பயம். ஆனாலும் முயலவே விரும்புகிறேன்.

களுவாஞ்சிகுடியிலிருந்து நள்ளிரவிலும் புறப்பட அண்ணா வாகனம் ஒழுங்கு செய்துவிட்டார். "ரெண்டுக்கும் வேற வேறயா வைப்பம், மகள்" என்று, பழைய பருத்திச் சேலையைக் கிழித்துத் துவைத்த துணிகளை அம்மா இரு பைகளில் அடுக்கியிருக்கிறார்.