மார்ச்சிங் பேண்ட் கேம்ப்: அனுபவமுள்ள பெற்றோர் கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம். நாங்கள் இருப்பது டெக்ஸாஸில், டாலஸ் பக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு போகிறாள், பள்ளி மார்ச்சிங் பேண்டில் (அணிவகுத்து நடந்துகொண்டே வாசிக்கும் குழு) கிளாரினெட் வாசிக்கிறாள். ஆகஸ்ட் முதல் வாரம் பேண்ட் கேம்ப், அதாவது அதற்கான பயிற்சி முகாம். பாதி நாள் வெளியில், அதுவும் கார் நிறுத்துமிடத்துத் தார்த் தரையில்! இந்த ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம்.

5 கஜத்தைச் சரியாக 8 ஸ்டெப்பில் கடக்க வேண்டுமாம், ஒன்றுக்கு 22.5 அங்குலம். வாசலில் சாக்பீஸால் கோடு போட்டு, வாயில் கிளாரினெட்டோடு சாயங்காலம் முழுக்க நடக்கிறாள். குதிகால் முதலில் பட வேண்டும், தோள் ஆடக்கூடாது. பக்கத்து வீட்டு நாய்க்கு நல்ல வேடிக்கை.

மரக் கிளாரினெட் வெயிலில் விரிசல் விடும் என்பதால் பிளாஸ்டிக்கில் ஒன்று வாங்கியாயிற்று. மற்றதில்தான் குழப்பம். தண்ணீருக்கு அரை கேலன் ஜக் போதுமா, ஒரு கேலனே வேண்டுமா? ஷூ அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டுமா? அப்புறம் மதியச் சாப்பாடு. நாங்கள் சைவம். தயிர்சாதம் அந்தச் சூட்டில் புளித்துவிடும், எலுமிச்சை சாதத்தை அவள் தொடவே மாட்டாள். ஐஸ் பேக் வைத்தால் தாங்குமா? நீங்கள் என்ன கட்டிக்கொடுத்தீர்கள்?

சன்ஸ்கிரீன் பூசச் சொன்னால் முறைக்கிறாள். அதற்கும் வழி இருந்தால் சொல்லுங்கள்.