வயக்காட்டுக் குழு: உளுந்து வேரும் முடிச்சும்

சிவா: கலா அக்கா, நாளைக்கு சம்பா வயல்ல உளுந்து தெளிக்கிறோம், நெல் அறுப்புக்கு இன்னும் 6 நாள் இருக்கு. விதையில பூஞ்சண மருந்து கார்பென்டசிம், வேர்ல முடிச்சு போட்டு தழைச்சத்து பிடிக்கிற பாக்டீரியா ரைசோபியம், ரெண்டையும் ஒண்ணா கலந்துடலாமா?

கலா அக்கா: வேணாம் தம்பி. மருந்து பட்டா ரைசோபியம் எண்ணிக்கை குறைஞ்சுடும். ரெண்டுக்கும் நடுவுல 24 மணி நேரம் விடணும், உனக்கு நேரமில்ல. மருந்தை விட்டுட்டு, நோயைத் தடுக்குற நல்ல பாக்டீரியா சூடோமோனாஸ் கிலோ விதைக்கு 10 கிராம் போடு. அது ரைசோபியத்தோட ஒத்துப்போகும்.

கலா அக்கா: ஏக்கருக்கு 10 கிலோ விதைன்னா ரைசோபியம் 200 கிராம் பாக்கெட் ஒண்ணு. நல்லா ஆறின வடிகஞ்சி, விதை மேல ஒட்டுற அளவுக்கு மட்டும். நிழல்ல அரை மணி நேரம் உலர்த்தி அன்னைக்கே தெளிச்சுடு. பாக்கெட் உளுந்துக்கு உள்ளதுதானா, காலாவதி தேதி என்னன்னு பாத்து வாங்கு.

ரவி மாமா: போன வருஷமும் அங்க உளுந்துதான். ரைசோபியம் மண்ணுலயே இருக்காதாம்மா?

கலா அக்கா: இருக்கும் மாமா. ஆனா நெல்லுக்கு மாசக்கணக்கா தண்ணி நிக்குது, காத்தில்லாம குறைஞ்சுபோகும். மிஞ்சுறதுல முடிச்சு போட்டும் தழைச்சத்து பிடிக்காத ரகமும் உண்டு. முளைக்கிற வேர் ஃபிளேவனாய்டுங்குற பொருளைக் கசிய விடும். அதுக்குப் பதில் சமிக்ஞை கொடுக்குற ரைசோபியம்தான் உள்ள போகும். வேர் பக்கத்துல எது நிறைய இருக்கோ அதுக்கு வாய்ப்பு அதிகம், அதனாலதான் விதை மேலயே ஒட்டுறோம். சோயாவுல சோதிச்சுப் பாத்தப்போ, தழைச்சத்து தராத முடிச்சுக்கு செடியே காத்து வரத்தைக் குறைச்சது தெரிஞ்சிருக்கு.

சிவா: முடிச்சை எப்ப பாக்கலாம்க்கா?

கலா அக்கா: 25, 30 நாள்ல. செடியைப் பிடுங்காத, முடிச்செல்லாம் அறுந்து மண்ணுலயே நின்னுடும். மண்ணோட வெட்டியெடுத்து தண்ணியில ஊறவெச்சு அலசு. நகத்தால கீறினா உள்ள இளஞ்சிவப்பா இருக்கணும், அது லெக்ஹீமோகுளோபின்ங்குற நிறப்பொருள், முடிச்சு வேலை செய்யுதுன்னு அடையாளம். வெள்ளையா இருந்தா இன்னும் இளசு, இல்லன்னா வேலை செய்யாதது.

ரவி மாமா: காய் பிடிக்கிறப்ப உள்ள பச்சையாயிடுதே, நோயா?

கலா அக்கா: நோயில்ல மாமா. செடி சர்க்கரையைக் காய்க்குத் திருப்பிடுது, முடிச்சு மூப்படையுது. முடிச்சு சிதையிறப்ப ரைசோபியத்துல ஒரு பங்கு மண்ணுக்கே திரும்பும். அந்த நேரத்துல தழைச்சத்து குறையும்னுதான் 2% டிஏபி உரக் கரைசலை இலை மேல அடிக்கச் சொல்றது. பூக்கும்போது ஒரு தரம், 15 நாள் கழிச்சு ஒரு தரம். 4 கிலோவை 20 லிட்டர் தண்ணியில முந்தின ராத்திரி ஊறவெச்சு, தெளிவை மட்டும் வடிச்சு 180 லிட்டரோட சேர்த்துக்கங்க.

சிவா: 15 நாள் பயிர் வெளிறினா கொஞ்சம் யூரியா வீசலாமா?

கலா அக்கா: வீசாத. விதையில இருந்த சத்து தீர்ந்து, முடிச்சு இன்னும் வேலையத் தொடங்காத நேரம் அது. யூரியா மாறி மண்ணுல நைட்ரேட்டா கிடைச்சா செடி முடிச்சு போடுறதையே குறைச்சுக்கும். முதல்ல வயல்ல எங்கயாவது தண்ணி தேங்கியிருக்கான்னு பாத்து வடிச்சு விடு.

சிவா: மேற்கு மூலையில தேங்கும்க்கா. நாளைக்கே வாய்க்கால் வெட்டிடுறேன்.