சர்காசம்: வஞ்சப்புகழ்ச்சியா, குத்தல்மொழியா?

வணக்கம்.

ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பட்டியலில், சர்காசத்துக்கு (sarcasm, புண்படும்படி ஏளனமாகப் பேசுவது) ஐயா ஒருவர் 'வஞ்சப்புகழ்ச்சி' என்று முன்வைத்தார். அது பொருந்தாது என்பது என் கருத்து. வஞ்சப்புகழ்ச்சி என்பது புகழ்வது போல இகழும், இகழ்வது போலப் புகழும் ஓர் அணியின் பெயர். ஔவையார் தொண்டைமானிடம் தூது போய், உங்கள் ஆயுதங்கள் நெய் பூசி மாலை சூடி அரண்மனையில் இருக்கின்றன, எங்கள் அதியமானுடையவை பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாரே (புறநானூறு 95), அது அசல் வஞ்சப்புகழ்ச்சி. ஆனால் வெகுநேரம் காத்திருந்து கடுப்பானவர், "ஆமா, உனக்கு மட்டும்தான் வேலை இருக்கு" என்கிறார். இதில் புகழ்ச்சி எங்கே? சர்காசம் மட்டும் முழுசாக இருக்கிறது.

சீனர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தேன். அவர்கள் சொல் 'ஃபெங்ட்ஸ்'. இரண்டு எழுத்துகள். 'ஃபெங்' என்பது சுற்றி வளைத்துச் சொல்வது. அரசனைக் குறிப்பால் இடித்துரைப்பதற்கும் பழைய சீனத்தில் இதே எழுத்துதான். 'ட்ஸ்' என்றால் குத்துதல், முள் என்றும் பொருள். ஐரனிக்கு (irony, சொல்வதற்கு மாறான பொருள் தொனிப்பது) அதே ஃபெங்குக்கு முன்னால் 'எதிர்' என்னும் பொருளுள்ள 'ஃபான்' சேர்த்து 'ஃபான்ஃபெங்' என்கிறார்கள். சர்காசத்தின் கிரேக்க வேரும் சதையைக் கிழிப்பதுதான். நாமும் "குத்தலாப் பேசாதே" என்றுதானே சொல்கிறோம்? ஆகவே என் பரிந்துரை: குத்தல்மொழி. வெறும் 'குத்தல்' போதாது, விலாவில் வரும் வலிக்கும் அதே பெயர்.

நக்கல் போதுமே என்று சிலர் கேட்கலாம். நண்பர்களுக்குள் குத்தே இல்லாத நக்கல் நிறைய உண்டு. உணர்வுப் பகுப்பாய்வுக்கு, அதாவது எழுத்தில் உள்ள உணர்வைக் கணினி கண்டறிவதற்கு, தரவு தயாரிப்பவர்கள் இரண்டையும் ஒரே குறிச்சொல்லில் போட்டால், அன்பான கிண்டலையும் கணினி புகார் என்றே கற்றுக்கொள்ளும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சீனத்தைப் பின்பற்ற வேண்டாம். அங்கே சட்டயரும் (satire, குறைகளை எள்ளிக் காட்டும் படைப்பு) பெரும்பாலும் ஃபெங்ட்ஸ்தான். நமக்கு அங்கதம் இருக்கிறது. நேராகச் சொல்வது, மறைத்துச் சொல்வது என்று தொல்காப்பியச் செய்யுளியலே அதை இரண்டாகப் பிரித்துவிட்டது. அதைத் தனியாகவே வைப்போம். ஐரனிக்கு முரண்நகை, பாரடிக்கு (parody, ஒன்றைப் போலவே செய்து கேலி பண்ணுவது) பகடி இரண்டும் நிலைத்துவிட்டன, கை வைக்க வேண்டாம்.

அப்புறம், பட்டியலில் மீதமிருக்கும் இரண்டு: டான்ட் (taunt) என்பதற்குக் குத்திக்காட்டல் சரியாக வரும். ஜீர் (jeer) என்பது கூட்டமாகக் கத்தி எள்ளுவது, 'எள்ளற்கூச்சல்' எனலாமா? கொஞ்சம் நீளம்தான். இதைவிடச் சின்னதாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள்.